கடைக்குள் ஒரு கட்டில்

"அம்மா, அத்தை கடையில தூங்குறப்ப கடை திறந்திருக்கா, மூடியிருக்கா?"

வீட்டின் ஒரே பெண்பிள்ளை, பட்டப்பெயர் வாயாடி, போன மாதம் இப்படிக் கேட்டபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்று பத்து மணிக்கு ஒரு வரி அதிகாரி அதே கேள்வியைக் கேட்க வருகிறார். காலையிலிருந்து யார் முகத்திலும் ஈயாடவில்லை.

அந்த வீட்டில் கடை என்பது கூடத்தை ஒட்டிய சின்ன அறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அளவுக்கு ஏற்பப் பல்செட் செய்து கொடுப்பது வாயாடியின் அம்மாவுடைய தொழில். தெருவே அவளைப் பல்லம்மா என்றுதான் கூப்பிடுகிறது. அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொண்டது போல இருக்கும்.

முன்பெல்லாம் அவள் ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய பல் லேபில் வேலை பார்த்தாள். கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். தன் மகளை விழித்த கண்ணோடு பார்ப்பதற்காகவே வீட்டில் தொழில் தொடங்கினாள்.

தொழில் நிலைத்ததற்கு வரிச் சலுகையும் ஒரு காரணம். வீட்டில் ஓர் அறையைத் தொழிலுக்கு ஒதுக்கினால், அந்த அறையின் பங்குக்கு உரிய வாடகையையும் மின்சாரத்தையும் தொழில் செலவாகக் காட்டலாம். வருமானத்திலிருந்து அது கழிந்த பிறகுதான் வரி. ஒரே நிபந்தனை, அறை தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும்.

அந்த 'மட்டுமே'யைப் பல்லம்மா சாமி காரியம் போலக் காப்பாற்றினாள். மழை நாளில் நனைந்த குடையைக்கூட அங்கே விரிக்க விடமாட்டாள். மகள் உள்ளே வரவேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டும்.

அப்புறம்தான் நாத்தனார் வந்தாள். பல்லம்மாவின் கணவருக்கு அக்கா. கையில் ஒரு சூட்கேஸ். ஏன் வந்தாள் என்று அவள் சொல்லவில்லை, இவர்களும் துருவவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "நான் இங்க இருக்கேன்னு அந்த வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம்." 'என் வீடு' என்று சொல்லாமல் 'அந்த வீடு' என்று சொன்னதிலேயே பல்லம்மாவுக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. வீட்டில் வேறு இடம் இல்லை. கடைக்குள் ஒரு கட்டில் போட்டார்கள்.

போன வாரம் நோட்டீஸ் வந்தது. அறையை நேரில் பார்க்க வேண்டுமாம்.

"கட்டிலை மொட்டை மாடிக்கு ஏத்திடலாம்" என்றார் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முதல் டிரிப்பில் பிள்ளைகளையும் வாயாடியையும் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார். "ஒரு மணி நேரம். அக்கா அப்படியே காலாற நடந்துட்டு வரட்டும். அவர் வருவாரு, பாப்பாரு, போவாரு."

"கேட்டா?"

"என்ன கேப்பாரு? கட்டில் இல்லாத ரூம்ல கட்டில் எங்கேன்னா கேப்பாரு?"

"வேற எதுக்காவது ரூமைப் புழங்குறீங்களான்னு கேப்பாருங்க."

"இல்லைன்னு சொல்லு. ரெண்டே எழுத்து... சரி, மூணு எழுத்து. சொன்னா வாய் சுட்டுடாது."

வாய் சுடுமா சுடாதா என்பது பல்லம்மாவுக்கு ஒரு பெரிய கேள்வியாகவே இருந்தது. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற வாய் அது.

கடைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அறை பளபளவென்று இருந்தது. தரையில் ஒரு பொட்டு பிளாஸ்டர் மாவு இல்லை. மேஜை துடைத்து, அரங்கள் வரிசையாக, கட்டில் மடக்கிச் சுவரோடு சாத்தி, சூட்கேஸ் கட்டிப் பக்கத்தில். நடுவில் நாத்தனார் ஈரத் துணியோடு நின்றாள். விடியுமுன்பே எழுந்து ஆள் இருந்த அடையாளமே தெரியாமல் தன்னைத் தானே துடைத்து வைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் கழுவிட்டேன். அந்த ரோஸ் கலர்ல பல்லு வச்சது ரெண்டு இருந்துச்சே, ஒரே தூசி. சுடுதண்ணில போட்டிருக்கேன்."

பல்லம்மா பாத்திரத்தை நோக்கி ஓடினாள்.

பல்செட் என்பது ஒரே நாளில் ஆவதல்ல. முதலில் மெழுகில் பல் பதித்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அவர் நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகே மற்ற வேலை. நேற்று முழுக்க உட்கார்ந்து அப்படிப் பதித்து வைத்த ஜோடி அது. மதியம் நோயாளி வந்து நாற்காலியில் உட்காரப் போகிறார்.

பாத்திரத்தில் மெழுகு உருகி மேலே மிதந்தது. பல்லெல்லாம் கழன்று அடியில் கிடந்தன.

"என்ன ஆச்சு?" என்றாள் நாத்தனார். பல்லம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. "ஐயோ... அது மெழுகா?"

"பரவாயில்லக்கா" என்றாள் பல்லம்மா. குரல் மட்டும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை தாமதமானால் வேலையைப் பெரிய லேபுக்கே கொடுத்துவிடுவேன் என்று டாக்டரம்மா சொல்லி மாதம்கூட ஆகவில்லை.

எட்டிப் பார்த்த கணவர் பொறுமை இழந்தார். "உன்னை யாரு இதையெல்லாம் தொடச் சொன்னது? ஒருபக்கம் வரி ஆபீஸ்காரன் வந்து நிக்கப் போறான், இன்னொரு பக்கம் இருக்கிற ஒரே நல்ல கஸ்டமரும் போச்சு! உன்னால என் குடும்பமே தெருவுக்கு வரப்போகுது!"

"ஏங்க!"

சொல் வெளியே வந்துவிட்டது. அதைப் பிடித்து உள்ளே போட யாராலும் முடியாது. நாத்தனார் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பல்லம்மா பாத்திரத்திலிருந்து பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சூட்கேஸும் இல்லை.

"அக்கா போயிட்டாங்க" என்றாள்.

கணவர் ஒரு நொடி வாசலைப் பார்த்தார். பிறகு கட்டிலைத் தூக்கினார். "நல்லதாப் போச்சு. சாயங்காலம் நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் பை, கையில் அளவு நாடா. செருப்பைக் கழற்றட்டுமா என்று வாசலிலேயே கேட்டார். கெட்டவராக இருந்திருந்தால் பல்லம்மாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவள் மேஜையை விட்டு எழவில்லை. ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காய்ச்சி மெழுகில் இழுத்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கங்க சார், அவசர வேலை. நடுவுல விட முடியாது."

"நீங்க பாருங்க. வேலை நடக்குறதைப் பார்க்கத்தானே வந்தேன்." அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் என்னைப் பார்த்தே சிரிக்கிற மாதிரி இருக்கே?"

"வரி ஆபீஸ்காரங்களைப் பார்த்துச் சிரிக்கிறவங்க இவங்க மட்டும்தான் சார்" என்றார் கணவர். இருவரும் சிரித்தார்கள். பல்லம்மா பதித்த முன்பல் ஒன்று கோணிக்கொண்டது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

அதிகாரி நீளம் அளந்தார், அகலம் அளந்தார். மீட்டரைப் பார்த்தார். டாக்டர்களின் பில் கட்டைப் புரட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில் பேனாவைத் திறந்தபடி கேட்டார்:

"இந்த ரூம் தொழிலுக்கு மட்டும்தானே? வேற எந்தப் புழக்கமும் இல்லையே?"

"இல்ல சார். மட்டும்தான்" என்றார் கணவர்.

அதிகாரி எழுதினார். தாளைப் பல்லம்மாவின் பக்கம் நகர்த்தினார். "தொழில் உங்க பேர்ல இருக்கு. ஒரு கையெழுத்து."

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட ஒரு விநாடி போதும். பெரிய லேப், விடியாத காலை, தூங்கும் குழந்தையின் நெற்றியில் வைத்துவிட்டுப் போகும் முத்தம், எல்லாம் அந்த ஒரு விநாடிக்கு அந்தப் பக்கம் நின்றன. இந்தப் பக்கம், எங்கோ ஒரு தெருவில் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஒருத்தி. 'வேற எந்தப் புழக்கமும் இல்லை' என்பதில் கையெழுத்துப் போட்டால், ஒரு மாதமாக இந்த அறையில் படுத்து எழுந்த அந்த மனுஷி புழக்கம்கூட இல்லை என்றாகிவிடும்.

"சார், ஒரு மாசமா என் நாத்தனார் இங்கதான் படுத்துக்கிறாங்க" என்றாள். "கட்டில் மாடியில இருக்கு."

கணவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

அதிகாரி பேனாவை மூடினார். "சொல்லாம இருந்திருந்தா நான் சரின்னு எழுதிட்டுப் போயிருப்பேன்மா."

"தெரியும் சார். அதனாலதான் பயந்து போய்ச் சொல்லிட்டேன்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. ஆனால் வேறொரு தாளை எடுத்தார். "இந்த மாசத்துக்குச் சலுகை கிடையாது. அது சின்ன விஷயம். போன மூணு வருஷத்துக்குத்தான் சிக்கல். அப்பவும் யாரும் இங்க தங்கலைன்னு நான் எப்படி எழுதுறது? உங்க நாத்தனார் போன மாசம் வரைக்கும் எங்க இருந்தாங்களோ அந்த விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். திங்கட்கிழமைக்குள்ள."

"அவ்வளவுதானே சார்?" என்றார் கணவர், போன உயிர் திரும்பியது போல.

"அவ்வளவுதான். சரிபார்க்க அந்த விலாசத்துக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு கடிதம் போகும். இன்னின்னார் இப்ப இந்த வீட்டுல இருக்காங்க, முன்னாடி உங்க வீட்டுல இருந்தாங்களான்னு. வழக்கமான நடைமுறை."

"கையெழுத்து இல்லைன்னா?" என்றாள் பல்லம்மா.

"மூணு வருஷச் சலுகையும் ரத்தாகும். அபராதத்தோட கட்டணும்." தாளை அவளிடம் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "உள்ளதைச் சொன்னீங்க. அதையும் எழுதுவேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லம்மா."

அவர் போன பிறகு கணவர் வேன் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. "உன் நாக்குல சனியன் உட்கார்ந்திருக்கு" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. "அவளை மறைக்கப் பார்த்தோம். இப்ப அவ கையெழுத்து இல்லாம நாம இல்ல. அவ எங்கேன்னும் தெரியல." மதிய டிரிப்புக்குக் கிளம்பிவிட்டார்.

பல்லம்மா கடைசிப் பல்லைப் பதித்து முடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. சாப்பிடாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். நோயாளி கோபித்துக்கொண்டு போயிருப்பார். டாக்டரம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள்.

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கே. அவசரத்துல செஞ்ச மாதிரியே இல்ல."

"மேடம், லேட்டானதுக்கு..."

"அதான் உங்க நாத்தனார் காலையிலேயே வந்து சொல்லிட்டாங்களே. நான் வந்து கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னாங்க. 'கெடுத்தது நான், அவ மேல ஒரு தப்பும் இல்ல, அவகிட்ட இருந்து வேலையைப் பிடுங்கிடாதீங்க'ன்னாங்க. நான் சரின்னு சொன்ன பிறகுதான் நகர்ந்தாங்க. பேஷண்டை சாயங்காலம் வரச் சொல்லிட்டேன்."

பல்லம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். தெருவுக்கு வரப்போகிறோம் என்று துரத்தப்பட்டவள் நேராக வந்து நின்ற இடம் இதுவா?

"இன்னொண்ணு" என்றார் டாக்டரம்மா. "சொல்ல வேண்டாம்னாங்க. ஆனாலும் சொல்றேன். பேசும்போதெல்லாம் வாயைக் கையால மறைச்சுக்கிட்டாங்க. மேல் பல்செட் பிளேட்டுல நடுவுல விரிசல். எதைக் கடிச்சாலும் ஈறுல குத்தும். 'வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு ஏன் இப்படி?'ன்னு கேட்டேன். 'அவளுக்கு என்னால இருக்கிற வேலை போதும்'னாங்க."

பல்லம்மா தலை குனிந்தாள். ஊரார் வாயையெல்லாம் அளவெடுக்கிறவள். ஒரு மாதமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நாத்தனார் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து, பசி இல்லை போலும் என்று நினைத்திருக்கிறாள்.

சூட்கேஸோடு கிளம்பியவள் வேறெங்கே போயிருப்பாள்? பஸ் நிலையத்தில் நாத்தனாரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எல்லோரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பஸ்ஸுக்குக்கா?"

நாத்தனார் நிமிர்ந்தாள். கை தானாக வாய்க்குப் போனது. "அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்."

"யோசிச்சது போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"அவரு வந்துட்டுப் போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன்."

"பைத்தியமா உனக்கு!" என்று நாத்தனார் எழுந்தேவிட்டாள். "இந்தச் சின்ன விஷயத்துக்கு நாக்கைக் கொஞ்சம் வளைக்கத் தெரியாதா? எத்தனை நஷ்டம்?"

"இந்த மாசத்துக்கு மட்டும் கிடையாதாம்." அது உண்மைதான். மீதி உண்மை அவள் கைப்பைக்குள் நான்காக மடிந்து கிடந்தது. அதை இங்கே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "அந்தச் சூட்கேஸைக் கொடுங்க. என்னக்கா, கல்லா வச்சிருக்கீங்க?"

"ரெண்டு புடவைதான். சுமந்த கைக்குத்தான் கனம் தெரியும் போ."

வீட்டுக்கு வந்ததும் பல்லம்மா சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தாள். காரணம் சொல்லவில்லை. நாத்தனாரும் கேட்கவில்லை. மாடியிலிருந்து கட்டிலை இருவருமாக இறக்கிக் கடைக்குள் பழைய இடத்திலேயே போட்டார்கள். விடியுமுன் எழுந்த களைப்பு. நாத்தனார் படுத்ததும் தூங்கிப்போனாள்.

ஃபோன் அடித்தது. பல்லம்மா சமையலறைக்குள் போய் எடுத்தாள்.

"அக்கா வந்துட்டாளா?" கணவர் குரல் இறங்கியிருந்தது.

"வந்துட்டாங்க. தூங்குறாங்க."

"காலையில நான் சொன்னது... அவ காதுல விழுந்திருக்குமா?"

"அடுத்த தெரு நாய்க்கே விழுந்திருக்கும்."

ஃபோனில் பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "பேப்பரைக் காட்டினியா? கையெழுத்து..."

"இன்னைக்குக் கேக்க மாட்டேன்."

"திங்கட்கிழமை..."

"தெரியுங்க. அந்தக் கடிதம் அந்த வீட்டுக்குப் போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாம எப்படிக் கேக்குறது? இன்னைக்கு வேண்டாம்."

"நாளைக்கு?"

"நாளைக்கு விடியட்டும்."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் மறுத்துப் பேசவில்லை. வாயாடியையும் கூட்டிக்கொண்டு கடைசி டிரிப் முடித்து இருட்டுவதற்குள் வருவதாகச் சொல்லி ஃபோனை வைத்தார்.

பல்லம்மா கடைக் கதவை மெல்லத் திறந்தாள். நாத்தனார் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர். தண்ணீருக்குள் பிளேட். தூரத்திலிருந்தே அந்த விரிசல் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

கையெழுத்தைக் கேட்டுவிட்டு இதைச் சரிசெய்து கொடுத்தால் அது லஞ்சம் போல. கையெழுத்து வாங்கிய பிறகு செய்தால் கூலி போல. இரண்டும் இல்லாத நேரம் இது ஒன்றுதான். இன்று காலை கிளினிக் வாசலில் ஒருத்தி தனக்காக நின்றாளே, அதற்கும் இதற்கும் இடையில் எந்தப் பேப்பரும் வரக்கூடாது.

தம்ளரை எடுத்துக்கொண்டாள். அரம், மெழுகு, கொஞ்சம் பிளாஸ்டர், ரோஸ் பொடி, அதில் கலக்கும் திரவம். எல்லாவற்றையும் சமையலறை மேடைக்குக் கொண்டுபோனாள். கடைக்குள் வைத்துச் செய்தால் சத்தத்திலும் வாடையிலும் விழித்துக்கொள்வாள். அடுப்புக்குப் பக்கத்தில், சாம்பார் கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

விரிசலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, மெழுகால் ஒட்டி, பின்னால் பிளாஸ்டர் ஊற்றி இறுக விட்டாள். விரிசலை அரத்தால் அகலமாகத் திறந்தாள். பொடியையும் திரவத்தையும் சொட்டுச் சொட்டாக நிரப்பினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் மூடி வைத்துவிட்டு நின்றாள். அது இறுகும் வரை அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கை தானாகக் கூப்பிக்கொண்டது. தனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தூங்குகிறவளுக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் கொடு என்று மட்டும் கேட்டாள்.

மெருகு மெஷின் போடவில்லை. இறுகியதைப் பிளாஸ்டரிலிருந்து பிரித்து, துணியில் மெருகுப் பொடி எடுத்துக் கையாலேயே பளபளப்பாக்கினாள். ஈறில் படும் ஓரத்தை நாக்கு நுனிக்குக்கூடச் சொரசொரப்பு தட்டாமல் தேய்த்தாள். விரலை ஓட்டிப் பார்த்தாள். விரிசல் இருந்த இடம் எது என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது.

தம்ளரைக் கழுவினாள். புதுத் தண்ணீர் ஊற்றினாள். பிளேட்டை உள்ளே இறக்கினாள்.

கடைக்குள் வெயில் சாய்ந்திருந்தது. அலமாரித் தாடைகள் எல்லாம் அவளைப் பார்த்தன. அவற்றால் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. நாத்தனாரின் மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பல்லம்மா குனிந்து, தம்ளரை எடுத்த இடத்திலேயே, ஈர வட்டத்தின் மேலேயே பொருத்தி வைத்தாள். போர்வை நுனி கீழே தொங்கியது. அதை எடுத்துக் கட்டிலின் மேல் போட்டுவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.